தூண்டில் வளைவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் நான்

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளுக்குச் சுங்கத்தில் கொடுக்க வேண்டிய தாள்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. வாயைத் திறக்க அவசியமே இல்லாத வேலை. ஆனால் எனக்கு வாய்த்திருப்பது பெரிய குரல். உடம்பு ஒல்லி, நெஞ்சுக்கூடு ஒரு சாண், அதற்குள்ளிருந்து எப்படி இப்படி ஒரு சத்தம் வருகிறது என்று வைத்தியர்களே கேட்டிருக்கிறார்கள். "கொஞ்சம் ரசம் ஊத்து" என்று வீட்டில் சொன்னால் ஏதோ அரசாணை பிறப்பித்தது போல இருக்கும். "பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசல்ல நிறுத்தி வைக்க வேண்டிய கொரலு, இங்கன ரசம் கேட்டுட்டு இருக்கு" என்பாள் என் மனைவி. அவள் கணக்கு டீச்சர். எதையும் கூட்டல் கழித்தல் போலத்தான் பார்ப்பாள்.

சொந்த ஊரான நாசரேத்தில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேதபாடம் வாசிப்பது நான்தான். நான் வாசித்து முடித்தால் சபையில் இரண்டு மூன்று பேராவது மனம் திரும்புவார்கள் என்று சபைப் போதகரான ஐயர் சொல்லுவார். அதில் ஒருவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு கோளாறு உண்டு. சத்தமாக எதை வாசித்தாலும் அதை நம்பிவிடுவேன். மனதுக்குள் வாசித்தால் ஒன்றும் ஆகாது. வாய்விட்டு வாசித்தால், நாலாவது வரியில் தொண்டை கரகரக்கும், எட்டாவது வரியில் அது என் சொந்தக் கருத்தாகிவிடும். சின்ன வயதில் பல்பொடி விளம்பரத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, ஒரு வாரம் அந்தப் பல்பொடிக்காக வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்.

இந்தக் கோளாறு என்னோடு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. என் மச்சினன் கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் ஒரு பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தாடி, கதர்ச் சட்டை, தோளில் துணிப்பை. வந்தவுடன் என்னைத் 'தோழர்' என்றார். என் மனைவியையும் 'தோழர்' என்றார். அவள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

விஷயம் இதுதான். ஊருக்குத் தெற்கே உள்ள ஒரு மீனவக் கிராமத்தில் தூண்டில் வளைவு கட்டலாம் என்று ஒரு பேச்சு வந்திருந்தது. கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கல்லைக் கொட்டி, தூண்டில் முள் போல வளைத்துக் கட்டுகிற சுவர் அது. கட்டினால் படகுகள் பத்திரமாக நிற்கும் என்பார்கள் சிலர். கட்டினால் வளைவுக்கு வடக்கே மணல் அரித்துப்போகும் என்பார்கள் சிலர். பேராசிரியர் இரண்டாவது கட்சி. கட்டக் கூடாது என்று ஒரு ஆவணப்படம் எடுத்திருந்தார். படம் பிடித்தது என் மச்சினன். இப்போது அதற்கு ஒரு குரல் வேண்டும்.

"அத்தான், ஒங்க கொரலு இல்லாம இந்தப் படம் நிக்காது" என்றான் மச்சினன்.

எங்கள் படுக்கையறையிலேயே ஒலிப்பதிவு நடந்தது. ஜன்னலில் மெத்தையை நிறுத்தி, பீரோக் கதவைத் திறந்து வைத்து, சேலைகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டான். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. நான் பனியனோடு பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். பேராசிரியர் எழுதிய தாள் என் கையில்.

"இது வெறும் மணல் அல்ல. இது ஒரு மக்கள் கூட்டத்தின் தோல்" என்று ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நிறுத்தி மறுபடியும் ஆரம்பித்தோம். மறுபடியும் விசில். மூன்றாம் தடவை வாசிக்கும்போது விசில் வரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் தோலை உரிக்கிறார்களே! "நாளை இந்தக் கரையில் எஞ்சப்போவது என்ன? கல்லா? கண்ணீரா?" என்ற கடைசி வரியை வாசித்து முடித்தபோது, என் மனைவியின் பட்டுச் சேலை ஒன்றை இழுத்து மூக்கைச் சிந்திவிட்டேன்.

சத்தம் கேட்டு அவள் உள்ளே வந்தாள். "எதுக்கு இப்படி அழுதுட்டு இருக்கீங்க?"

"மண்ணு போகுது" என்றேன்.

"எங்க?"

"வடக்க."

அவள் சேலையைப் பார்த்தாள். அதன் பிறகு பேராசிரியருக்கு வைத்திருந்த காப்பியில் கருப்பட்டி போட்டாளா இல்லையா என்பது அவளுக்குத்தான் வெளிச்சம்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. டீக்கடையில் கடல் அரிப்பைப் பற்றிப் பேசினேன். பேக்கரிக்கு மக்ரூன் வாங்கப் போன இடத்தில், பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கடலோரச் சமூகங்களின் தோலைப் பற்றிப் பேசினேன். அவர் தோல் டாக்டர் ஒருவரின் முகவரி கொடுத்தார். கைப்பேசியில் தினமும் அலைப் படம் வைத்தேன். லாரியில் பாறாங்கல் போவதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதித்தது. அது எங்கேயோ வீடு கட்டப் போகிற கல்லாக இருக்கலாம். அதெல்லாம் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"கடலப் பத்தி இம்புட்டுப் பேசுதீங்களே, நீங்க கடல்ல கால நனைச்சு எத்தன வருசம் ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி.

எனக்குச் செருப்பில் மணல் ஏறினால் பிடிக்காது.

படம் ஊர் ஊராகக் கைப்பேசிகளில் சுற்றியது. பத்து நாள் கழித்து அலுவலகத்தில் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் அழைப்போம். கிளியரிங் தொழிலோடு அவருக்கு லாரிகளும் உண்டு. தூண்டில் வளைவு வந்தால் கல் ஏற்றுகிற ஓட்டம் கிடைக்கும் என்று அவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பீரோவுக்குள் தலையை விட்டபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கைப்பேசியை மேசையில் வைத்து, படத்தை ஓடவிட்டார். "கல்லா? கண்ணீரா?" என்று என் குரல் அறை முழுக்க அதிர்ந்தது.

"ஏம்வே" என்றார் அண்ணாச்சி. "இப்படி ஒரு கொரல வச்சுக்கிட்டு எங்கிட்ட இத்தன வருசமா தாளு சரிபாத்துட்டு இருந்திருக்கீரு."

"அது வந்து அண்ணாச்சி…"

"நானே பயந்துட்டேன்வே. என் லாரியப் பாத்து எனக்கே கோவம் வந்துட்டு. சரி, நம்மளும் ஒரு படம் எடுக்கோம். வளைவு வேணும்னு. நீருதான் பேசுதீரு."

நான் கொள்கைக்காரன். அந்தச் சமயத்தில் எனக்குக் கொள்கை வந்து சரியாகப் பத்து நாள் ஆகியிருந்தது. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது "எப்ப அண்ணாச்சி?" என்பதுதான்.

ஒரு முடிவோடு வீட்டுக்குப் போனேன். வாசிப்பேன், ஆனால் நம்ப மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பேன். அண்ணாச்சி யாரிடமோ எழுதி வாங்கிய தாள் வந்தது. இதற்கும் மச்சினன்தான் ஆள். மறுபடியும் மெத்தை, பீரோ, பனியன். இந்த முறை மனைவி பட்டுச் சேலைகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டாள்.

"அலையோடு போராடி அலுத்துப்போன தோள்களுக்கு ஆறுதல் தரும் கரம் இது" என்று ஆரம்பித்தேன். முதல் பக்கம் நன்றாகத்தான் போயிற்று. ஒன்றையும் நம்பவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்த கதை வந்தது. தொண்டை கரகரத்தது. ஐயோ, வந்துவிட்டதே என்று நினைத்தேன். தாளை மூடுவதற்குள், "ஒரு வளைவு போதும், ஓராயிரம் விளக்குகள் எரிய" என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான். வளைவுக்கு எதிராகப் பேசுகிறவன் மனுசனா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்படிப் பேசியவன் நான்தான் என்பது சாப்பிடும்போதுதான் உறைத்தது.

"இப்ப மண்ணு எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டாள் மனைவி, மீன் குழம்பை ஊற்றியபடி.

"மண்ணு கெடக்கு. படகு ஒடையுதுல்லா" என்றேன்.

அவள் தம்பியின் பக்கம் திரும்பி, "இவ்வோகிட்ட இனி மளிகைச் சீட்டக்கூடச் சத்தமா வாசிக்கக் குடுக்காதலே" என்றாள்.

மச்சினன் படத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் வெட்டி ஒட்டினான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாமே எங்கேயோ பார்த்தது போல இருந்தது. அதே கரை. அதே படகு. அதே நாய், முதல் படத்தில் சோகமாக மெதுவாக நடந்த நாய், இதில் வேகமாக நடந்தது.

"ஏலே மாப்ள, இது பழைய படத்துல உள்ளதுல்லா?"

"ஆமா அத்தான். ஒரே கரதான. நாயும் ஒண்ணுதான். அதுல மெதுவா ஓட்டுனேன், இதுல வெரசா ஓட்டுதேன். மெதுவாப் போனா எதிர்ப்பு. வெரசாப் போனா ஆதரவு."

"இந்த இசை?"

"வயலினு போட்டா வேண்டாம்னு அர்த்தம். நாதஸ்வரம் போட்டா வேணும்னு அர்த்தம். கல்யாண வீட்டுல பொண்ணு அழுறதுக்கு ஒண்ணு, தாலி கட்டுறதுக்கு ஒண்ணு போடுதோம்லா, அதேதான்."

பிறகு ஒரு பெண்ணின் முகம் வந்தது. மீன் வாங்கி டவுனில் விற்கிற அக்கா. ஐம்பது வயதிருக்கும். கடலைப் பார்த்தபடி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். முதல் படத்தில் இந்த இடத்தில் நான், "நாளை இந்த மண் இருக்குமா என்று கலங்கும் கண்கள்" என்று சொல்லியிருந்தேன். இந்தப் படத்தில், "விடியல் எப்போது வரும் என்று ஏங்கும் கண்கள்" என்று சொல்லியிருந்தேன். இரண்டு தடவையும் எனக்கும் கண் கலங்கியது.

"ஒரே அழுகைய ரெண்டு படத்துக்கும் போடலாமாலே?"

"வேற என்ன செய்ய? ஒரு ஆளு எத்தன தடவ அழுவாவ? கெடச்ச அழுகைய வச்சுத்தான் ஓட்டணும் அத்தான்."

இரண்டு படமும் ஊரில் சுற்றத் தொடங்கிய பிறகு, அந்தக் கிராமத்துக் கமிட்டிக்காரர்களுக்கு நிம்மதி போய்விட்டது. வடக்குத் தெரு ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு தெற்குத் தெருவோடு சண்டைக்குப் போயிற்று. தெற்குத் தெரு இன்னொரு படத்தைப் பார்த்துக்கொண்டு எதிர்ச்சண்டைக்கு வந்தது. கடைசியில் கமிட்டி ஒரு முடிவு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவிலை ஒட்டிய மண்டபத்தில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட வேண்டும். யாரும் பேசக்கூடாது. பார்த்துவிட்டு ஊர் முடிவு சொல்லும். அதை எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பலாம். பேராசிரியரும் ஒத்துக்கொண்டார், அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். தன் படத்தைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள்.

என்னைக் கட்டாயம் வரச் சொன்னார்கள், இரண்டு பேருமே. மனைவி தானாகவே கிளம்பினாள். "இதப் பாக்காம இருப்பேனா?" என்று மல்லிகைப்பூ வேறு வைத்துக்கொண்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் பெண்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வடக்குத் தெரு இடப்பக்கம், தெற்குத் தெரு வலப்பக்கம். நடுவே ஒரு நடைவழி, பேசிக்கொள்ளாத இரண்டு சம்பந்தி வீட்டாருக்கு நடுவே விட்டதுபோல. நானும் மனைவியும் கடைசி வரிசையில் தூண் மறைவில் உட்கார்ந்தோம்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் முதலில் பேராசிரியரின் படம். விளக்கை அணைத்தார்கள். வயலின் வந்தது. நாய் மெதுவாக நடந்தது. என் குரல் வந்தது. மண்டபத்தில் ஒரு சத்தமில்லை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. படம் முடிந்தபோது தெற்குத் தெருக்காரர் ஒருவரே மூக்கை உறிஞ்சினார். பேராசிரியர் தாடியைத் தடவிக்கொண்டார். நான் மனைவியின் காதில், "வளைவு வேண்டவே வேண்டாம்ளா" என்றேன்.

அடுத்தது அண்ணாச்சியின் படம். நாதஸ்வரம் வந்தது. நாய் வேகமாக நடந்தது. "அலையோடு போராடி அலுத்துப்போன தோள்களுக்கு…" என்று என் குரல் ஆரம்பித்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் திரும்பினார். "ஏலே, இவன்தான முன்ன வேண்டாம்னான்?"

"ஆமா, அதே ஆளுதான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இப்ப வேணுங்கான்?"

"மனசு மாறிட்டான் போல."

"ஒரு நிமிசத்துலயா?"

அங்கங்கே சிரிப்பு ஆரம்பித்தது. "அந்த நாயி நம்ம தெரு நாயிதானல? இதுக்கு என்ன அவசரம், முன்ன மெதுவாத்தான போச்சு" என்று ஒருவர் கேட்டார். படம் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எவ்வளவு உருக்கமாக ஒலித்ததோ அவ்வளவு சிரிப்பு வந்தது. "ஓராயிரம் விளக்குகள்" என்றதும் வடக்குத் தெருப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த அக்காவின் முகம் திரையில் வந்தது. முந்தானை கண்ணுக்குப் போனது. "விடியல் எப்போது வரும் என்று ஏங்கும் கண்கள்" என்றேன் நான், திரையில்.

"நிறுத்துலே!" என்று கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. என் குரலைவிடப் பெரிய குரல் ஒன்றை வாழ்க்கையில் முதன்முறையாகக் கேட்டேன். அந்த அக்காவேதான் எழுந்து நின்றார். மச்சினன் பதறிப்போய்ப் படத்தை நிறுத்தினான். திரையில் அவர் முகம் பெரிதாக, பாதி துடைத்த கண்ணோடு நின்றுவிட்டது. அதற்கு முன்னால் நிஜமான அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நான் எங்கலே ஏங்குனேன்? இந்தப் பையன் கேமரா வச்ச ஒரு பறக்குற சனியனக் கொண்டாந்து என் தலைக்கு மேல விட்டான். அது மண்ண அள்ளி என் கண்ணுல போட்டுட்டு. கண்ண தொடச்சிட்டு இவன வஞ்சிட்டு இருந்தேன். நான் வஞ்சதெல்லாம் எங்கலே?"

"அந்தச் சத்தத்த எடுத்துட்டேன்க்கா. கொஞ்சம் கெட்ட வார்த்தையா இருந்துச்சு" என்றான் மச்சினன், கணினிக்குப் பின்னால் குனிந்தபடி.

"அது மட்டுமா? முந்தின படத்துல, எங்க அம்மா கடல்தான்னு நான் சொல்லுத மாதிரி வருது. இந்தத் தாடிக்கார சார் எங்கிட்ட, கடல் ஒங்களுக்குத் தாய் அல்லவான்னு கேட்டாவ. எங்க அம்மா மணப்பாட்டுல இருக்காவ சார், கடலு கடல்தான்னு சொன்னேன். நடுவுல உள்ள மணப்பாட்டக் காணும்! எங்க அம்மா இதப் பாத்துட்டு எனக்குப் போன் போட்டு, நான் சாகுறதுக்குள்ளயே வேற அம்மா பாத்துட்டியாளான்னு கேக்காவ."

மண்டபம் கூரை பிய்ந்துவிடும் போலச் சிரித்தது. நடைவழிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி. பேராசிரியர் எழுந்து, "தோழர், அது ஒரு கவித்துவமான சுருக்கம்" என்றார்.

"எங்க அம்மாவச் சுருக்க நீங்க யாரு சார்?" என்றார் அக்கா.

அண்ணாச்சி இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சிரிக்காதீய அண்ணாச்சி. வளைவு வேணுமான்னு ஒங்க ஆளு கேட்டாரு. வேணும்கிறவனுக்கு வேணும், வேண்டாம்கிறவனுக்கு வேண்டாம், மொதல்ல மீன் ஏலக் கூடத்துல ஒழுகுற கொழாய அடைங்கன்னு சொன்னேன். போன்ல சுத்துற ஒங்க படத்துல 'வேணும்' மட்டும் இருக்கு. கொழா எங்க?"

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது.

"சரி, அந்தக் கொரலு யாரு? இங்கன இருக்கானா?" என்று கமிட்டித் தலைவர் கேட்டார். நான் தூணை இன்னும் இறுக்கினேன். என் மனைவி எழுந்து, மாணவனைக் கரும்பலகைக்கு அனுப்புகிற தொனியில், "இந்தா இருக்காவ" என்று என்னைக் காட்டினாள்.

எழுந்தேன். கூட்டம் என்னை மேலும் கீழும் பார்த்தது. "இந்த ஒடம்புக்குள்ள இருந்தா அந்தச் சத்தம் வருது?" என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

"நீரு சொல்லும்வே. ரெண்டு பக்கமும் நீருதான் பேசியிருக்கீரு. ஒமக்குத்தான் எல்லாம் தெரியும். வளைவு வேணுமா, வேண்டாமா?" என்றார் தலைவர்.

வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்த சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. சின்னதாக, கீச்சென்று, பனியன் போட்ட ஒரு குமாஸ்தாவின் குரலாக இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அத வாசிக்கும்போது அது சரின்னு பட்டுது. இத வாசிக்கும்போது இது சரின்னு பட்டுது. நான் இந்தக் கரைக்கு இன்னைக்குத்தான் மொத தடவ வாரேன்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் முன்வரிசைப் பெரியவர் சிரிக்கவில்லை. "எனக்கும் அதே கததான். அந்தப் படம் பாத்தப்ப அதுவும் சரிதான்னு நெனச்சேன். இதையும் முழுசா ஓடவிட்டிருந்தா இதுவும் சரிதான்னு நெனச்சிருப்பேன். இந்த மனுசன் ஒருத்தன்தான் உள்ளதச் சொல்லுதான்" என்றார். கைதட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக என் கீச்சுக் குரலுக்குக் கிடைத்த கைதட்டல் அது. எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது, ஆனால் நாற்காலியை யாரோ எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு மண்டபம் அக்காவின் கைக்குப் போயிற்று. வடக்குத் தெருவில் போன மழைக்காலத்தில் எந்த வீட்டு வாசல் வரை தண்ணீர் வந்தது என்று கேட்டார். சொன்னார்கள். தெற்குத் தெருவில் யார் யார் படகு அடிபட்டது என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொரு தெரு நிதானமாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னார்கள். பிறகு அக்கா என் மச்சினனைப் பார்த்து, "எடுலே ஒன் கேமராவ. இப்ப எடு. பாட்டுப் போடக் கூடாது. கொரலு கூடாது. கத்தரிக்கோலு கூடவே கூடாது. ஒவ்வொருத்தரா வந்து பேரச் சொல்லி, மனசுல உள்ளதச் சொல்லுவோம். அத அப்படியே அனுப்புவோம்" என்றார்.

"கத்தரிக்காம எப்படிக்கா? படம்னா ஒரு வேகம் வேணும்லா?" என்று மச்சினன் அழாக்குறையாகக் கேட்டான்.

"நாய வச்சு நீ காட்டுன வேகம் போதும்" என்றார் அக்கா.

ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். சிலர் வளைவு வேண்டும் என்றார்கள், சிலர் வேண்டாம் என்றார்கள், சிலர் வேறு இடத்தில் கட்டலாம் என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார்கள். ஒருவர் மருமகனைப் பற்றிப் புகார் சொன்னார். ஒருவர் மகளின் கல்யாணத்துக்கு அதிகாரிகளைக் குடும்பத்தோடு அழைத்தார். ஒரு பெண் வந்து உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், கேமராவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போகிற போக்கில் ஏலக் கூடத்துக் குழாயைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் பேராசிரியரையும் உட்காரவைத்தார்கள். தாள் இல்லாமல் பேசச் சொன்னதும் அவர் வார்த்தை தேடித் திணறினார். பிறகு, வடக்குத் தெருவில் தன் மாணவன் ஒருவனின் வீடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் நிற்பதாக மெதுவாகச் சொன்னார். அவரது படத்தில் அது இல்லை. அண்ணாச்சி உட்கார்ந்தார். "எனக்கு லாரி இருக்கு. கல்லு ஓட்டம் கெடைக்கும்னு ஆசதான்" என்றார். கூட்டம் கைதட்டியது.

மண்டபத்துக்கு வெளியே அந்த இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்.

"தோழர், உங்கள் குரலில் உறுதி இல்லை" என்றார் பேராசிரியர்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன் சார்" என்றார் அண்ணாச்சி. "கொரல மாத்தியிருந்தா ரெண்டு படமும் ஓடியிருக்கும்."

இரண்டு பேரும் ஒரே காரில் டவுனுக்குத் திரும்பினார்கள். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம்.

வெட்டாமல் ஒட்டாமல் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் அந்தப் படத்தை அப்படியே அதிகாரிகளுக்கு அனுப்பினார்கள். அதை யாரும் முழுதாகப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏனென்றால் புரியாததால்தான் இரண்டு அதிகாரிகள் நேரில் வந்தார்கள். தண்ணீர் எதுவரை வருகிறது என்று அக்கா அவர்களை அழைத்துப்போய்க் காட்டினார். காட்டும்போதே ஒரு அலை வந்து, ஒரு அதிகாரியின் ஷூவை நனைத்து, விளக்கத்தைச் சுருக்கிவிட்டது. கரையில் இப்போது வர்ணம் பூசிய கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க மணல் எங்கே சேருகிறது, எங்கே போகிறது என்று அளந்துவிட்டுத்தான் எதுவும் என்று பேச்சு. வளைவு வருமா, வராதா, சின்னதாக வருமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஏலக் கூடத்துக் குழாயை மட்டும் அடுத்த வாரமே சரிசெய்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு ஒரு அதிகாரி போயிருந்தார் என்றும் கேள்வி.

அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்கிறவர்கள் காத்திருக்கும்போது கேட்கிற குரலாக என்னை மாற்றிவிட்டார். "தயவுசெய்து இணைப்பில் இருங்கள்" என்பதைப் பதிவு செய்த அன்று, எங்கள் அலுவலகத்துக்காகக் காத்திருப்பதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்று எனக்குச் சாயங்காலம் வரை தோன்றிக்கொண்டிருந்தது. பேராசிரியர் அடுத்த படத்துக்குத் தானே குரல் கொடுத்தார். வருகைப்பதிவு எடுப்பதுபோல இருக்கிறது என்றான் மச்சினன். அவன் அதில் இரண்டு இடத்தில் 'உள்ளேன் ஐயா' சேர்த்துப் பார்த்தானாம், பொருந்தியிருக்கிறது.

போன மாதம் டவுனில் ஒரு அமைப்பிலிருந்து கூப்பிட்டார்கள். ஏதோ படமாம், எங்கள் மாவட்டத்து எதிர்காலத்தைப் பற்றியது, என் குரல்தான் வேண்டுமாம். தாளை அனுப்பினார்கள். என் மனைவி அதை என் கையிலிருந்து பிடுங்கி, சோபாவில் உட்கார்ந்து, தானே சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். நான் கேட்டுக்கொண்டே மாங்காய் தின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மூன்று பக்கம் முடிந்தபோது மாங்காய் புளிப்பாக இருந்தது மட்டும்தான் மனதில் நின்றது.

"இதுல 'மக்கள்'னு பதினேழு தடவ வருது. எந்த மக்கள், எந்த ஊருன்னு ஒரு தடவகூட வரல. கேளுங்க" என்றாள்.

போன் செய்து கேட்டேன். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். இதுவரை கூப்பிடவில்லை.